மாத்திரைக்கும் சோத்துக்கும் நடுவுல

பதினொண்ணு முப்பத்தாறு. இன்னும் இருபத்தாறு நிமிசம் கெடக்குது, அதுக்குள்ள இலையைப் போட்டுட்டானுக. தலைவாழை இலை, நுனி இடது கைப்பக்கம், முறைக்கெல்லாம் ஒரு கொறையும் இல்ல. பந்திப்பாயில எங்க ஆளுக பதினாலு பேரு உக்காந்திருக்காங்க, பதினாலு பேரு கண்ணும் என்ற வலது கை மேலதான். தாய்மாமன் கை நனைக்காம எங்க பக்கத்துல ஒருத்தனும் சோத்தைத் தொடமாட்டான். நான் தொட்டா இந்தச் சம்பந்தம் உறுதி, தொடாம எந்திரிச்சா முறிஞ்சுது. வாயைத் தொறந்து ஒண்ணும் பேச வேண்டாம், கையே பேசிப்போடும். எவனோ வேலையத்த பாட்டன் ஒருத்தன் பண்ணி வெச்ச ஏற்பாடு. அவனுக்கு வயிறு நல்லா இருந்திருக்கும், கல்லைத் தின்னாலும் கரைச்சிருப்பான். காலைல வண்டியேறும்போது சொன்னது வேற. புதன்கிழமை, பன்னெண்டுக்கு ராகு காலம் பொறக்குது, அது போனப்புறம் ஒன்றரைக்கு மேல நிதானமாச் சாப்புடலாம்னான் எங்க மாப்பிள்ளை ரத்தினசாமி, என்ற தங்கச்சி புருசன். அதை நம்பி நான் மாத்திரையைச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேன். இங்க வந்து நாலு வார்த்தை பேசினவுடனே அவனுக்குப் பசிச்சுப்போச்சு. 'ராகுக்கு முன்னாலயே கை நனைச்சுப்போடலாம், இலையைப் போடுங்க'ன்னுட்டான். அவன் பசிக்கு ராகு ஒரு சாக்கு. நான் கை கழுவற மாதிரி வீட்டுக்குப் பின்னால பொடக்காலிக்கு ஓடி, சமையக்கட்டுச் சன்னல்ல நின்னு, 'ஒரு வாய் தண்ணி கொடு அம்மிணி'ன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இருட்டு, மூஞ்சி தெரியல, டம்ளரை நீட்டின கை மட்டும் தெரிஞ்சுது, மணிக்கட்டுல கறுப்புப் பட்டை வாட்சு. அங்கயே அட்டையைப் பிரிச்சு மாத்திரையை முழுங்கிட்டு மணி கேட்டேன். 'பதினொண்ணு முப்பத்திரண்டுங்க.' எவனைக் கேட்டாலும் பதினொன்றரைங்கற ஊருல முப்பத்திரண்டுன்னு சொன்ன ஒரே ஆளு அது. அதுலயிருந்து அரை மணி. பன்னெண்டு ரெண்டுக்கு நான் சோத்துல கை வைக்கலாம். பன்னெண்டுக்கு ராகு. ரெண்டும் ரெண்டே ரெண்டு நிமிசத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்குது.

வாயைத் தொறந்து சொல்லிப்போடலாமே, மாத்திரை போட்டிருக்கேன், அரை மணி பொறுங்கன்னு. சொல்லலாம். எதிர் வரிசையில உக்காந்திருக்கறா பாரு என்ற தங்கச்சி துளசிமணி, அவ கண்ணாலயே என்ற நாக்கைப் பிடிச்சு வெச்சிருக்கறா. வண்டியில வரும்போது காதுக்குள்ள சொன்னா: "அண்ணா, அங்க வந்து வயிறு, மாத்திரை, டாக்டருன்னு ஒரு வார்த்தை பேசின, நான் உனக்குத் தங்கச்சி இல்ல. நம்மப்பன் எதுல செத்தாருன்னு கேப்பாங்க." கேப்பாங்கதான். நாலு ஊரு தள்ளி விசாரிச்சு, வம்சத்துலயே சோறு எறங்காத நோவு இருக்குதாம்னு அளந்துக்கிட்டு வருவாங்க. என்ற தங்கச்சி மகனுக்கு வயசு முப்பத்தஞ்சு ஆச்சு, சசிமோகன்னு பேரு, பேரு மட்டுந்தான் சின்னப் பையன் மாதிரி, தலையில முன்பக்கம் காலி. பதினொரு வீடு பாத்தாச்சு. அதுல ஒண்ணு என்னாலயே போச்சு. போன வருசம், இதே மாதிரி இலை, இதே மாதிரி பதினாலு பேரு. மாத்திரை போட்ட அஞ்சாவது நிமிசம் கை நனைச்சேன். மரியாதை பாத்தேன். புளிக்கொழம்பு, வெல்லக் கச்சாயம், மொளகா வத்தல், எல்லாத்தையும் அள்ளி அள்ளி வெச்சாங்க, வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்களாம். பாதி இலையில எதுக்களிச்சுப்போச்சு. தொண்டை வரைக்கும் தீ, மூக்குல புளிச்ச தண்ணி, இருமல் நிக்கல, எந்திரிச்சு ஓடி அவங்க வாசக் கோலத்து மேலயே கக்கிட்டேன். அந்த வீட்டு அம்மா உள்ள அழுத சத்தம் இன்னும் காதுல இருக்குது. பொண்ணுக்காக அழல, சகுனத்துக்காக அழுதா. இவங்களுக்கெல்லாம் கக்கறவன் மனுசனே இல்ல, சகுனம்.

முப்பத்தொன்பது. சாம்பார் வாளி வருது. பொண்ணோட அப்பன் குழந்தைசாமி எனக்கு முன்னால குத்த வெச்சு உக்காந்துட்டான். நல்ல மனுசன் மாதிரித்தான் இருக்கறான், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாம, அந்த மடிப்பு மாதிரியே பயந்து போயி. "ஏனுங்க மச்சான், ஆரம்பிங்க." நான் இலையைப் பாத்தேன். "உப்பு வெக்கலியே"ன்னேன். ஓடினாங்க. உப்பு வந்துது. ஒரு நிமிசம் போச்சு. இலையில இன்னொருக்கா தண்ணி தெளிச்சேன். தண்ணியை வழிச்சு விட்டேன். என்ற அண்டை வீட்டுக்காரன் ஒருத்தன் பந்திக்கு வரலியேன்னு விசாரிச்சேன், அவன் போன மாசமே செத்துட்டான்னு ரத்தினசாமி பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னான். ஆமா, நானே தூக்கிப் போட்டுட்டு வந்தேன். இன்னொரு நிமிசம். லாரி ஓட்டறவனுக்கு நேரம் கடத்தத் தெரியும், செக்போஸ்டுல முப்பது வருசம் கடத்தியிருக்கேன். ஆனா குழந்தைசாமி மூஞ்சியைப் பாத்தா எனக்கு ஒண்ணு புரியல. அவன் என்னவோ கணக்குப் போடறான். நெத்தியில வேர்வை. திடீர்னு என் பக்கம் சாஞ்சு, "மச்சான், முகூர்த்தம் எங்க ஊரு மண்டபத்துல வெக்கறது உங்களுக்கு மனசுக்குப் பிடிக்கலீன்னா, உங்க ஊருலயே வெச்சுக்கலாமுங்க" அப்படீன்னான். நான் மண்டபத்தைப் பத்தி எப்பக் கேட்டேன்? காலைலயிருந்து மண்டபம்னு ஒரு சொல் என் வாயில வரல. ரத்தினசாமி முட்டி என்ற முட்டியை இடிச்சுது. "மச்சான், நல்லாப் புடிச்சீங்க. விடாதீங்க." காதுக்குள்ள, வெத்திலை வாசத்தோட. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. நான் மாத்திரைக்காகக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், இந்த மனுசன் நான் பேரம் பேசறேன்னு நெனைச்சிருக்கறான்.

தூ, இதென்ன பொழப்பு. வயித்துக்குள்ள நடக்கறது ஒண்ணு, வெளிய படிக்கறது ஒண்ணு. ஈரோட்டு டாக்டரம்மா ஒருத்தி மட்டுந்தான் எனக்குப் புரியற மாதிரி சொன்னா. என்ற மக வயசு, மேசை மேல ஒரு பிளாஸ்டிக் குடலை வெச்சிருந்தா. "ஐயா, சோத்துக் குழாயும் வயிறும் சேர்ற எடத்துல ஒரு வால்வு இருக்குங்க. சோறு எறங்கினதும் மூடிக்கோணும். உங்களுக்கு அது தளர்ந்துபோச்சு. வயித்து அமிலம் மேல வருது. வயிறு அதைத் தாங்கும், குழாய் தாங்காது, புண்ணாகும்"னா. நான் கேட்டேன், ஒருவழி வால்வா அம்மிணின்னு. ஆமான்னா. எங்கிட்டச் சொல்றா. டீசல் லைன்ல அந்த வால்வு லீக் ஆனா ராத்திரி நிக்கற வண்டியில டீசல் பின்னாலயே எறங்கிப் போகும், காலைல செல்ஃப் அடிச்சா உறுமும், கெளம்பாது. எத்தனை வண்டிக்கு மாத்தியிருக்கேன். இதை மாத்த முடியாதாம்மா? "அறுவை இருக்குதுங்க, இப்ப வேண்டாம். வண்டியை மேட்டுல நிறுத்திப் பழகுங்க"ன்னா. அவ சொன்னதுலயே அதுதான் எனக்குப் பிடிச்சுது. கட்டிலோட தலைமாட்டுக் காலுக்கு அடியில ரெண்டு ரெண்டு செங்கல் வெச்சேன். தலையணையை அடுக்கினா வயிறு மடிஞ்சு இன்னும் மோசமாகும், கட்டிலே சரியோணும்னு சொல்லியிருந்தா. முதல் ராத்திரியே என்ற சம்சாரம் பாவாயி வழுக்கி வழுக்கிக் கால்மாட்டுக்குப் போயிட்டா. "கல்யாணமாயி முப்பத்தாறு வருசத்துல இப்பத்தான் என்னைக் கால்ல விழ வெச்சிருக்கறீங்க"ன்னு பாயை எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டா. இடது பக்கமாப் படுக்கறேன். ஏழு மணிக்கு மேல சோறு கெடையாது. தின்னா ரெண்டு மணி நேரம் படுக்கறது கெடையாது. லுங்கியை இறுக்கிக் கட்டறது கெடையாது. இதெல்லாம் பண்ணி ஒன்றரை வருசத்துல நெருப்பு பாதி அடங்கியிருக்குது. ஊருல கேட்டா கேஸுங்கறான். எல்லாம் கேஸு. மூளையிலயும் அவனுகளுக்கு அதுதான் இருக்குது.

நாப்பத்தஞ்சு. நெய் ஊத்தறாங்க, வேண்டாம்னு கையை நீட்டினேன், நீட்டின கை இலையைத் தொட்டுருமோன்னு அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சாங்க. தொடல. துளசிமணி என்னை மொறைக்கறா. அவளுக்குத் தெரியும் நான் ஏன் உக்காந்திருக்கேன்னு. வாய் தொறக்க மாட்டா, என்னையும் தொறக்க விடமாட்டா. சசிமோகன் போனை நோண்டறான். அவன் கல்யாணம், அவன் இலை, அவன் மாமன், அவன் என்னமோ கட்டைவிரலால ஓட்டிக்கிட்டு இருக்கறான். சின்னதுல என்ற லாரி கேபின்ல உக்காந்து ஆரனை அமுக்கி ஊரையே எழுப்பினவன், இப்ப அவனை எழுப்ப ஒரு ஆரன் இல்ல. "சீரு வரிசையெல்லாம் நீங்க சொல்றபடி செஞ்சுப்போடலாமுங்க மச்சான்" அப்படீன்னான் குழந்தைசாமி. "பொண்ணுக்கு அப்பன் நான், கொறை வைக்க மாட்டேன்." அவன் கொரல் மெல்லிசாப் போயிடுச்சு. பாரம் ஏத்தின வண்டி மேட்டுல ஏறும்போது எஞ்சின் கொரல் மாறும் பாரு, கியரை மாத்துடா மாத்துடான்னு கெஞ்சும். அந்தக் கொரல். ரத்தினசாமி சிரிக்கறான். சிரிக்கும்போது அவன் தொப்பை குலுங்குது. இந்த ஆளுக்கு எதுவும் எதுக்களிக்காது, அவன் முழுங்கினது எதுவும் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. நான் சொல்லலாம், ஏனப்பா, எனக்கு ஒரு மண்ணும் வேண்டாம், பதினேழு நிமிசம் வேணும்னு. சொல்ல வாயெடுக்கறேன், நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சூட்டுக்கோல் மேல எழும்புது, சாம்பார் வாசத்துக்கே எழும்புது. வாயை மூடிக்கிட்டேன்.

ஆறு வருசம் நானும் இவனுகளை மாதிரித்தான் இருந்தேன், அதைச் சொல்லோணும். எவனைத் திட்டினாலும் அதுல கடைசியா என்னைத்தான் திட்டோணும். லோடு எறக்கிட்டு ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டா சால்னா, தின்ன கையோட கேபின்ல கோணலாப் படுத்தா காலைல தொண்டை கிழிஞ்ச மாதிரி. சோடா குடிச்சேன், ஏப்பம் வந்தா நோவு போச்சுன்னு நெனைச்சேன், ஏப்பத்தோட தீயும் வந்துது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டோரமா உக்காந்து, ஆர்ட்டு அட்டாக்குன்னு பயந்து, ரெண்டு தடவை ஈசிஜி எடுத்தேன். எதையும் எடுத்துப் பாக்காம விட்டதில்ல, எதைத் திங்கறேன்னு மட்டும் பாக்கல. ஒருத்தன் வாழைத்தண்டுச் சாறுங்கறான், ஒருத்தன் ஓமத் தண்ணிங்கறான், ஒருத்தன் பச்சைப்பால் குடிங்கறான், பால் குடிச்சா அரை மணி சும்மா இருந்துட்டு அப்புறம் கூட்டாளியோட வரும். கடைசியா ஒரு டாக்டரு இதே மாத்திரையை எழுதிக் கொடுத்தான். மருந்துக் கடையில ஒருத்தன் அட்டையைத் தூக்கிப் போட்டு 'காலைல ஒண்ணு'ன்னான். அதுக்கு மேல அவன் வாயில காசு போட்டாலும் வார்த்தை வராது. வெறும் வயித்துல மாத்திரை போட்டா குடலு வெந்துபோகும்னு நம்ம சனம் பூரா நம்பறது, நானும் நம்பினேன். அஞ்சு இட்லி, ஒரு டீ, அப்புறம் மாத்திரை. ஆறு வருசம். பட்டறைக்குப் போயி ஆயிலை ரேடியேட்டர்ல ஊத்திட்டு வண்டி ஏன் ஓடலைன்னு கேட்ட கதை. டாக்டரம்மா கேட்டா, "எப்பப் போடறீங்க?" சொன்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தா. சிரிக்கல. சிரிச்சிருந்தா தேவல. "சோத்துக்கு அரை மணி முன்னாடிங்க. வயிறு அமிலம் சுரக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மருந்து அங்க போயி நிக்கோணும். யாரும் சொல்லலியா?" யாரும் சொல்லல. அந்த மருந்துக் கடைக்காரன் ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா குழாய்ல இம்புட்டுப் புண்ணு இருந்திருக்காது. ரெண்டே வார்த்தை.

நாப்பத்தொன்பது. புண்ணுன்னா அப்பன் ஞாபகம்தான் வருது, வேண்டாம்னாலும் வருது. அவரும் நெஞ்செரியுதுன்னுதான் ஆரம்பிச்சாரு. நாங்க சீரகத் தண்ணி கொடுத்தோம். முதல்ல சோறு நின்னுது, அப்புறம் களி, அப்புறம் கஞ்சி, கடைசியில தண்ணி. தட்டத்துல சோத்தை வெச்சுக்கிட்டு பிசைஞ்சுக்கிட்டே இருப்பாரு. பிசைவாரு, உருட்டுவாரு, தட்டத்து ஓரமா வரிசையா வைப்பாரு, ஒண்ணும் வாய்க்குப் போகாது. வெளிய இருந்து பாத்தா சாப்புடற மாதிரியே இருக்கும். அம்மா வந்து 'இன்னிக்குப் பரவால்ல, நல்லாச் சாப்புட்டாரு'ம்பா. அந்த உருண்டைகளை நான்தான் கோழிக்குப் போடுவேன். டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னேன். அவ மழுப்பல. "எல்லாருக்கும் அப்படி ஆகாதுங்க. அடக்கி வெச்சா ஆகாம இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். வருசம் ஒருக்கா கேமராக் குழாய் விட்டுப் பாத்துக்கலாம்." போன மாசம் குழாய் விட்டாங்க, இந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க இவங்க முதல் தடவை வந்த அன்னிக்குத்தான். அதனாலதான் நான் பொண்ணைப் பாக்கல. வெளியூர் லோடுன்னு சொல்லிட்டாளாமா துளசிமணி. ஓட்டறதை விட்டு நாலு வருசம் ஆச்சு, என்னை இன்னும் லோடுக்கு அனுப்பிக்கிட்டிருக்கறா. பொண்ணு பேரு யமுனான்னா, கோபியில ஒரு ஆசுபத்திரி மருந்துக் கவுண்டர்ல வேலைன்னா, அதுக்குன்னே படிச்சவளாமா. ரத்தினசாமிக்கு அதுதான் பிடிக்கல. 'நாளைக்கு எவனெவனுக்கோ மாத்திரை கொடுத்துட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தா, எம் பொண்டாட்டி இவளுக்குச் சோறாக்கிப் போடறதா'ன்னான். அவன் பொண்டாட்டி ஆக்கறதைத் தின்னுட்டுத்தான் இந்தப் பேச்சு.

"மச்சான்." குழந்தைசாமி. அவன் பக்கத்துல வந்து கிட்டத்தட்ட மண்டி போட்டுட்டான். செவுத்துக் கடிகாரத்தைப் பாத்தான், நானும் பாத்தேன். அம்பத்துமூணு. அவன் ராகுவைப் பாக்கறான், நான் மாத்திரையைப் பாக்கறேன், ஒரே முள்ளு. "உங்க மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. மாப்பிள்ளையோட அப்பா காலைலயே ஒரு மாதிரியாச் சொன்னாரு. புள்ளை வேலைக்குப் போறதுதானே?" எச்சியை முழுங்கினான். அவனுக்கு எதுவும் எதுக்களிக்கல, ஆனா முழுங்கினது கஷ்டமாத்தான் எறங்குச்சு, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகோணும்னு ஒண்ணும் இல்லீங்க. நிறுத்திப்போடறோம். நான் சொன்னாக் கேட்டுக்குவா." சமையக்கட்டுல வெண்கலக் கரண்டி பாத்திரத்துல ஒரசிக்கிட்டே இருந்துது, காலைலயிருந்து அந்தச் சத்தம் நிக்கல. இப்ப நின்னுபோச்சு. யாரோ யாரையோ 'சும்மா இரு கண்ணு'ன்னு சொன்ன சத்தம், அப்புறம் அதுவும் இல்ல. நான் ஆயிரம் எஞ்சினைக் காதாலயே பிரிச்சுச் சொல்லியிருக்கேன். நிக்கற சத்தத்துலயும் வித்தியாசம் இருக்குது. ஆஃப் பண்ணி நிக்கறது ஒண்ணு, டீசல் இல்லாம நிக்கறது ஒண்ணு. ரத்தினசாமி என்ற தொடையைத் தட்டினான். "போதும் மச்சான், அமுக்குங்க, தொடுங்க"ன்னான். அவனுக்கு லோடு ஏறியாச்சு, தார்ப்பாய் கட்டியாச்சு. ஒரு மாத்திரை, அட்டையில பத்து இருக்குது, அதுல ஒண்ணு, அதைத் தண்ணியில முழுங்கின பாவத்துக்கு இந்த வீட்டுல ஒரு மண்டபம் போச்சு, சீரு போச்சு, ஒரு புள்ளையோட வேலை போச்சு. இருபத்தோரு நிமிசத்துல. இன்னும் ஒன்பது நிமிசம் நான் சும்மா உக்காந்திருந்தா இந்த ஆளு வீட்டுக் கதவைக் கழட்டிக் கொடுத்துருவான். என்ன மனுசங்க நாங்க. நான் என்ன மனுசன். ஒரு வெக்கத்துக்காக, வயித்து நோவுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, ஊரான் வீட்டுப் புள்ளை வாழ்க்கையைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கேன், அதுவும் கை நனைக்காமயே.

மருந்துக் கவுண்டர்ல அந்தப் புள்ளை நிக்கறது எனக்குத் தெரியுது, பாக்காத மூஞ்சி, ஆனா தெரியுது. என்னை மாதிரி ஒருத்தன், கருத்தவன், வாயில புளிச்ச வாசம், சீட்டை நீட்டறான். அவ அட்டையைத் தூக்கிப் போடல. ரெண்டு வார்த்தை சொல்றா. சொல்லுவாளோ என்னவோ. படிச்சிருக்கறா, சொல்லுவா. அவ வீட்டுல உக்காந்து ரத்தினசாமிக்குக் கச்சாயம் சுட்டா அந்த ரெண்டு வார்த்தையை எவன் சொல்றது? அம்பத்தஞ்சு. சரி. பேரம்னு நெனைச்சுட்டாங்க இல்ல. பேரம்தான்னு வெச்சுக்குவோம். நிமிந்து உக்காந்தேன், குனிஞ்சா எதுக்களிக்கும். "ஏனுங்க மச்சான், கை நனைக்கறதுக்கு முன்னால எங்க பக்கத்துலயிருந்து ஒரே ஒரு சங்கதி"ன்னேன். குழந்தைசாமி கண்ணு செவந்துபோச்சு, இன்னும் என்னடா கேக்கப் போறேங்கற கண்ணு. "மண்டபம் உங்க ஊருலயே இருக்கட்டும். சீரு உங்க இஷ்டம். ஆனா புள்ளை வேலைக்குப் போகோணும். கல்யாணத்துக்கு முன்னாலயும் போகோணும், பின்னாலயும் போகோணும். அதை நிறுத்தறதா இருந்தா நான் இந்த இலையில கை வைக்க மாட்டேன்." குழந்தைசாமிக்குப் புரியவே இல்ல. "போகோணுமுங்களா?" "போகோணும்." ரத்தினசாமி எழும்பினான், பாதி எழும்பினான், தொப்பை அவனைத் திரும்ப உக்கார வெச்சுது. "மச்சான், என்ன பேசறீங்க, வீட்டுல நாம பேசினது—" "தாய்மாமன் இலையில உக்காந்து பேசறேன் மாப்ள. பிடிக்கலீன்னா நீங்க எந்திரிச்சுப் போலாம், வண்டி வெளிய நிக்குது." அவன் இலையைப் பாத்தான். கச்சாயத்தைப் பாத்தான். உக்காந்துட்டான். துளசிமணி தலையைக் குனிஞ்சுக்கிட்டா, சிரிக்கறாளா அழறாளா தெரியல, அவ மூஞ்சி சின்னதுலயிருந்தே அப்படித்தான். சசிமோகன் போனைக் கவுத்து வெச்சான். "எனக்கும் அதுதானுங்க சரி"ன்னான். அப்பா, வாய் இருக்குது. பதினொரு வீட்டுல காணாத வாய்.

அம்பத்தெட்டு. நாலு நிமிசம் கொறையுது. குழந்தைசாமி ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கறான், இனி ஒரு நிமிசம் நான் சும்மா இருந்தா அந்த ஆளு அங்கயே விழுந்துருவான். சோத்துல கை வெச்சேன். பந்தி பூரா ஒரே நேரத்துல கையை வெச்சுது, பதினாலு பேரு பிசையற சத்தம், மழை வந்த மாதிரி. வெறும் பருப்புஞ் சோறு, சின்ன உருண்டை, மென்னு மென்னு. ஒண்ணு எறங்குச்சு. ரெண்டு எறங்குச்சு. மூணாவது எறங்கும்போது அந்தத் தீ ஏறி வந்துது, கீழயிருந்து, மெதுவா, தொண்டைக்குழி வரைக்கும். வாயை இறுக்கினேன். வாசல் தெரியுது, கோலம் தெரியுது. எந்திரிச்சா போச்சு. அப்பன் உருட்டி வெச்ச உருண்டைக இலை ஓரத்துல வரிசையா இருக்கற மாதிரி இருந்துது. நெஞ்சை நிமித்தினேன், எச்சியைச் சேத்து முழுங்கினேன், இன்னொருக்கா முழுங்கினேன், கண்ணுல தண்ணி. குழந்தைசாமி நான் சந்தோசத்துல அழறேன்னு நெனைச்சு அவனும் கண்ணைத் தொடைச்சான். ஆகட்டும். எதையும் சரியாப் படிக்காத சனம். கொஞ்சங் கொஞ்சமா எறங்குச்சு. எறங்கி நின்னுது. பொண்ணே பரிமாறட்டும்னு ரத்தினசாமி யாரையோ அதட்டறான், வேலைச் சங்கதியில தோத்துட்டு இதுலயாவது ஒரு அதிகாரம். ரசம் வாளியோட ஒரு புள்ளை வந்துது. பச்சைப் பட்டுச் சேலை, மாநிறம், நெத்தியில வேர்வை. என்ற இலைக்கு நேரா வந்து குனிஞ்சுது. வாளியைத் தூக்கின கையில கறுப்புப் பட்டை வாட்சு. கரண்டி வாளியை விட்டு மேல வரல. "நாலு நிமிசம் முந்திட்டீங்களே" அப்படீன்னு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லிட்டு, ரசம் ஊத்தாம என்ற இலையைத் தாண்டிப் போயிட்டா. அதே கொரல். முப்பத்திரண்டுன்னு சொன்ன கொரல். கை அப்படியே சோத்துல நின்னுபோச்சு எனக்கு. அட்டையைப் பாத்திருக்கறா, எதுக்குன்னு தெரியும், எம்புட்டு நேரம்னு தெரியும். அரை மணியும் அடுப்படியில நின்னு வாட்சைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கறா. அவங்கப்பன் ஒண்ணொண்ணாக் கழட்டிக் கொடுத்தது காதுல விழுந்திருக்கும். ஒரு வார்த்தை வெளிய வந்து சொல்லியிருந்தா முடிஞ்சுது, அவருக்கு மாத்திரைப்பா, பேரம் இல்லன்னு. சொல்லல. எம்புட்டுத் தூரம் போறானுகன்னு பாத்துக்கிட்டு நின்னிருக்கறா. அந்தச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நாங்க பதினாலு பேரும் எப்படித் தெரிஞ்சிருப்போம்னு நெனைச்சா நெஞ்செரிச்சல் எல்லாம் ஒண்ணுமே இல்ல. ரத்தினசாமி இலையில மட்டும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்தினா. "பிரமாதம் அம்மிணி"ன்னு உறிஞ்சறான்.

இலை எடுத்தாச்சு, வெத்திலை வெச்சாச்சு. எங்க ஆளுக ஆளுக்கொரு மூலையில சாயறாங்க. குழந்தைசாமி ஒரு கோரைப்பாயும் தலையணையும் அக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடி வரான். "மச்சான், நம்ம வீடு, சங்கோசப்படாம செத்த நேரம் சாய்ங்க." தின்ன கையோட சாயக் கூடாதுன்னு நான் நிக்கறேன். நின்னுக்கிட்டே தூங்கறதுக்கு நான் என்ன கழுதையா? உள்ள இருந்து சத்தம் வந்துது. "அப்பா, அவருக்குப் பாய் வேண்டாம். கை வெச்ச நாற்காலி ஒண்ணு கொண்டு வந்து வேம்பு நெழல்ல போடுங்க." ஏன்னு அவன் கேக்கல. மவ சொன்னா செய்யற மனுசன்தான் போலிருக்குது. போட்டான். வேட்டி முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கிட்டு உக்காந்தேன். சன்னல் அந்தப் பக்கமாத்தான் இருந்துது. இருட்டுல மூஞ்சி தெரியல.

"மணி என்ன அம்மிணி?"

"பன்னெண்டு இருபத்தேழுங்க. ரெண்டு இருபத்தேழு வரைக்கும் சாயாதீங்க."